விளையாட்டு மட்டும்தானா, டீச்சர்?



பாலர் பள்ளி ஆசிரியர் எவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு அக்கேள்வியை ஒரு தாயார் என் வகுப்பு வாசலில் நின்று கேட்டார். பள்ளி தொடங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அவர் கையில் மகளின் பயிற்சிப் புத்தகம் இருந்தது. முதல் நான்கு பக்கங்களில் வண்ணக் கோடுகள். மற்றவை யாவும் வெற்றுத் தாள்கள்.

"டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இவ வயசுதான். தனியார் பாலர் பள்ளிக்குப் போகுது. மூணு புத்தகம் எழுதி முடிச்சிருச்சு. இவ வீட்டுக்கு வந்தா ரெண்டு கிளாஸ எடுத்து வச்சுக்கிட்டு தே தாரிக் ஆத்துறா. இங்க விளையாட்டு மட்டும்தானா, டீச்சர்?"

அக்குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. சற்றுத் தயங்கிவிட்டு மேலும் சொன்னார்: "அடுத்த வருசம் ஒன்னாம் ஆண்டு. இப்படியே போனா வேற பள்ளிக்கு மாத்திடலாம்னு இவங்கப்பா சொல்றாரு."

சிறிய தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுவோருக்கு இந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் நன்கு புரியும். என் வகுப்பில் அவ்வாண்டு 18 பிள்ளைகள். அவர்களை நம்பித்தான் முதலாம் ஆண்டு வகுப்பே இருக்கிறது. ஒரு பிள்ளை வெளியேறினால் அதன் தம்பியும் தங்கையும் நம் பள்ளிக்கு வரப்போவதில்லை.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. விடை தெரியாததால் அன்று. அந்தத் தாயாரின் இடத்தில் ஒரு காலத்தில் நானே நின்றிருக்கிறேன் என்பதால்.

பாலர் பள்ளிப் பணியில் நான் சேர்ந்த புதிதில் என் வகுப்பு மிகவும் 'ஒழுங்காக' இருந்தது. காலையில் 'அ' எழுத்தை இருபது முறை எழுதச் செய்வேன். மறுநாள் 'ஆ'. பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஒரு சிறுவனால் மட்டும் எழுத முடியவில்லை. பென்சிலை முழுக் கையால் இறுகப் பற்றுவான். சுழி வளையாது; தாள் கிழியும். அவன் கையைப் பிடித்து எழுத வைத்தேன். சில வேளைகளில் கடிந்தும் கொண்டேன். அவனுடைய அறிக்கையில் 'கவனம் தேவை' என்று எழுதினேன்.

ஒரு நாள் அவனுடைய பாட்டி என்னைக் காண வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். "டீச்சரம்மா, பள்ளிக்கூடம்னு சொன்னாலே புள்ள ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிறான். முறுக்கு மாவு கொடுத்தா மட்டும் மணிக்கணக்கா பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார். குறை சொல்ல வந்தவர் அல்லர். பேரனைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்.

கவனம் தேவைப்பட்டது அவனுக்கன்று, எனக்குத்தான் என்பது அன்று உறைத்தது. மறுநாள் மாவு பிசைந்து எடுத்துச் சென்றேன். அவன் உருட்டினான், நீட்டினான், பாம்பு செய்தான். சில வாரங்கள் சென்றபின் அந்தப் பாம்பை வளைத்து 'அ' என்று மேசைமேல் வைத்தான். ஆண்டு இறுதிக்குள் பென்சிலாலும் எழுதினான். ஆயினும், எழுதியதைக் காட்டுமுன் அவன் முதலில் என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வை கடைசி நாள்வரை மாறவில்லை. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் வாசலில் நின்றிருந்த தாயாரிடம் சொல்லிப் புரியவைக்க இயலாது என்று தோன்றியது. "அம்மா, ஒரு நாள் காலையில் வந்து வகுப்பில் உட்காருங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, உறக்கத்தை விட்டு, மறுவாரமே வந்தார்.

மணி 8.00. பிள்ளைகள் காலணிகளைக் கழற்றிச் சோடி சேர்த்து அடுக்கினர். ஒவ்வொருவரும் தத்தம் பெயர் அட்டையைத் தேடி எடுத்து வருகைப் பலகையில் மாட்டினர். தம் பெயரைப் படிக்கத் தெரியாத பிள்ளையும் அதன் வடிவத்தை அறிந்திருந்தது. கூடையில் இரண்டு அட்டைகள் எஞ்சின. "இன்று எத்தனை பேர் வரவில்லை?" என்று கேட்டேன். விரல்கள் உயர்ந்தன. கழித்தல் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

பின்னர் வட்டமாக அமர்ந்து முதல் நாள் நடந்தவற்றைப் பேசினோம். அத்தாயாரின் மகள் வழக்கம்போல் ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்று மாதங்களாக அவள் வட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. தாயாரின் முகம் வாடியதைக் கண்டேன்.

அடுத்துக் கற்றல் மூலைகள் திறந்தன. ஒரு மூலையில் சொங்காக் பலகை. நம் பாட்டிமார்கள் பல்லாங்குழி என்பர். மலாய் நண்பர்கள் சொங்காக் என்பர். அங்கிருந்த சிறுவன் ஒன்று முதல் ஐம்பதுவரை தடையின்றி ஒப்புவிப்பான். ஆனால், ஆறு புளியங்கொட்டைகளைக் கொடுத்தால் எட்டு என்பான். வாய் ஒரு வேகம், விரல் ஒரு வேகம். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது வாய் விரலுக்காகக் காத்திருந்தே ஆகவேண்டும். எண்ணைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு என்பதை அப்பலகை அவனுக்குக் கற்றுக்கொண்டிருந்தது.

மற்றொரு மூலையில் 'ஒட்டுக்கடை'. இரண்டு நெகிழிக் கிண்ணங்கள், ஒரு வாளித் தண்ணீர், பழைய தட்டுகள், சில துண்டுத் தாள்கள், ஒரு பென்சில். கடைக்காரி யார் தெரியுமா? வட்டத்தில் பேசாத அந்தச் சிறுமிதான்!

"என்ன வேணும் அண்ணே? தே தாரிக்கா, தே ஓ வா? கட்டியா, பைக்கட்டா?"

கேட்டவள் அத்துடன் நிற்கவில்லை. துண்டுத் தாளை எடுத்து மூன்று வட்டங்கள் வரைந்தாள். அவற்றுள் ஒன்றின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். தண்ணீரை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தி ஆற்றினாள். பிறகு தாளைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு தே. ஒன்னுல சீனி வேணாம்."

தாயார் எழுந்து அருகில் வந்துவிட்டார். "டீச்சர், இதுவா எழுத்து?" என்று மெல்லக் கேட்டார்.

"எழுத்து அன்று, அம்மா. ஆனால் மறந்துவிடக்கூடாது என்பதற்காகத் தாளில் குறித்து வைத்திருக்கிறாள். எழுத்து எதற்கு என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி எப்படி எழுதுவது என்பதை நான் சொல்லித்தர முடியும்" என்றேன். தண்ணீர் ஆற்றிய அதே மணிக்கட்டுதான் நாளை பென்சிலைத் திருப்பப் போகிறது என்பதையும் சொன்னேன். வீட்டிலே அவள் செய்துகொண்டிருந்தது வீண் விளையாட்டன்று, வீட்டுப் பாடம்!

பத்து மணிக்கு உணவு. எங்கள் உதவியாளர் சமைத்த சோற்றுக் கஞ்சியைப் பிள்ளைகளே பரிமாறிக்கொண்டனர். தட்டைக் கழுவினர், பல் துலக்கினர். அதன்பின் வெளியே சென்று தரையில் கட்டம் கிழித்து நொண்டி ஆடினர். ஒற்றைக் காலில் நிற்கப் பழகிய உடல்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும். திரும்பி வந்ததும் கதை. பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தது.

இவை எதுவும் என் கண்டுபிடிப்புகள் அல்ல. செருமனி நாட்டின் பிரடரிக் புரோபெல் 1837-இல் இளம்பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். தோட்டத்திலிருந்து வந்த நமக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. கன்று வளரவில்லையே என்று எவரும் அதைப் பிடித்து மேலே இழுப்பதில்லை. 1907-இல் உரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். நம் முன்னோரும் அதைத்தானே செய்தனர்? திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினர். இன்றும் விசயதசமியன்று குழந்தையை மடியில் அமர்த்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோம். பென்சிலுக்கு முன்னே விரல் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. ஒரு நாள் சடங்காகச் செய்துவிட்டு மறந்துபோனோம், அவ்வளவே.

நம் நாட்டின் கல்வி அமைச்சு 2010-இல் நடைமுறைப்படுத்தி 2017-இல் சீரமைத்த தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டின்வழிக் கற்றலை வலியுறுத்தியது. ஆனால் ஏட்டில் இருப்பது வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நீக்கப்பட்டுவிட்டது, தேர்வைப் பற்றிய அச்சமோ நம் இல்லங்களைவிட்டு இன்னும் நீங்கவில்லை.

பிள்ளைகள் வீடு திரும்பியபின் அத்தாயார் நேர்மையான ஒரு கேள்வியைக் கேட்டார்: "எல்லாம் சரி, டீச்சர். அப்போ எப்பதான் எழுதுவா?"

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமை இல்லை. விளையாட்டு என்ற பெயரில் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி அமர்வாரேயானால், பெற்றோரின் கவலை முற்றிலும் நியாயமே. ஒட்டுக்கடையில் துண்டுத் தாளையும் பென்சிலையும் தற்செயலாக வைக்கவில்லை. எந்தப் பிள்ளை அதை எடுக்கிறது, எடுத்து என்ன செய்கிறது என்று பார்த்து, அன்றன்றே குறிப்பேட்டில் பதிவு செய்கிறேன். விரல்கள் ஆயத்தமானவுடன் எழுத்து தொடங்குகிறது. அதுவும் சுழியும் வளைவும் மிகுந்த 'அ'விலிருந்து அன்று. நேர்க்கோடுகளாலான 'ட', 'ப' ஆகியவற்றிலிருந்து. அடுத்து 'ம'. இம்மூன்றையும் ஒரு புள்ளியையும் அறிந்த குழந்தை 'படம்' என்று எழுதிவிடலாம். 'பட்டம்' என்றும் எழுதலாம். இதைத்தான் தாளில் எழுதிக்காட்டி அவருக்கு விளக்கினேன்.

கூடவே என் தவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூன்று மாதங்களாக அவருடைய மகள் என்ன கற்றாள் என்பதை என் குறிப்பேடு அறியும். பெற்ற தாய் அறியமாட்டார். வெற்றுப் புத்தகத்தை மட்டுமே அவருக்கு அனுப்பியிருந்தேன். அவர் வேறு எப்படி நினைப்பார்? அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவரிக் குறிப்பு எழுதி வீட்டுக்கு அனுப்புகிறேன். 'இன்று உங்கள் மகன் ஏழு கொட்டைகளைப் பிழையின்றி எண்ணினான்.' 'உங்கள் மகள் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டினாள்.' பதினெட்டு வரிகள் எழுத அரைமணி நேரம் போதும். ஆசிரிய நண்பர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

அச்சிறுமி எங்கள் பள்ளியிலேயே இருந்தாள். வட்டத்தில் பேசுவதற்கு அவளுக்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. ஆண்டு இறுதியில் ஒரு நாள் தான் வரைந்த ஓவியத்தின்மேல் யாரும் சொல்லாமலே 'படம்' என்று எழுதினாள். 'ம்' எழுத்தின் புள்ளி மட்டும் சற்றுத் தள்ளி, வானத்தில் ஒரு விண்மீனைப் போல் நின்றது. அதை நான் திருத்தவில்லை. எழுதி முடித்து என்னிடம் நீட்டியபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மற்றொரு சிறுவனின் நினைவு வந்தது.

அவளுடைய தந்தையார் இன்னும் முழுமையாக நம்பிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மறு ஆண்டு தம் மகனையும் எங்கள் பாலர் பள்ளியிலேயே சேர்த்தார்.

பெற்றோர்களே, உங்களிடம் வேண்டுவது மிகச் சிறியது. வெங்காயம் உரிக்கும்போது பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். துவைத்த காலுறைகளைச் சோடி சேர்க்கச் சொல்லுங்கள். படி ஏறும்போது சேர்ந்து எண்ணுங்கள். இவற்றையெல்லாம் தமிழில் பேசிக்கொண்டே செய்யுங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் 'இன்றைக்கு என்ன எழுதினாய்?' என்று கேட்குமுன், 'இன்றைக்கு யாரோடு விளையாடினாய்? என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அது சொல்லும் விடையைப் பொறுமையோடு கடைசிவரை கேளுங்கள். அன்று கற்றது முழுவதும் அதில் இருக்கும்.

அன்புடன்,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை