அண்ணாமலையில் ஒரு காடு

திருவண்ணாமலைக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால் நாம் என்ன கேட்கிறோம்? "தரிசனம் நன்றாகக் கிடைத்ததா? கிரிவலம் முடித்தீர்களா? கூட்டம் எப்படி?" அவ்வளவுதான். "மலையில் மரங்கள் எப்படி இருக்கின்றன?" என்று கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. அதனால் நீங்கள் கேட்காமலே நான் சொல்லப் போகிறேன்.

அரைப் பரீட்சை லீவில் வீட்டில் மூன்று வாண்டுகள் சேர்ந்துவிட்டன. என்னுடையவை இரண்டு, நாத்தனார் பிள்ளை ஒன்று. மூன்றுக்கும் பொதுவான வேலை, டெலிபோனில் படம் பார்ப்பது. "எங்கேயாவது காட்டுக்கு அழைத்துப் போகிறேன்" என்று கிளம்பினேன். என் மாமியாரும் கூட வருவதாகச் சொன்னார். ஆனால் இடம் திருவண்ணாமலை என்றதும் அவருக்கு ஒரு சந்தேகம். "அங்கே ஏதம்மா காடு? எனக்குக் கல்யாணமான புதிதில் போயிருக்கிறேன். மலை முழுக்கப் பாறையும் புல்லும்தான். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ரமண மகரிஷி காலத்துப் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் மலை மொட்டையாகத்தான் நிற்கும். விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்ந்தது, மிச்சமிருந்ததைக் கோடைத் தீ தின்றது.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், ரமணாசிரமத்துக்குப் பின்னாலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் பாதையில் நடக்கத் தொடங்கினோம். கல் பாவிய பாதை. பெரியவர்களுக்கு அரை மணி, முக்கால் மணி நடை. மரவட்டை ஒவ்வொன்றையும் நின்று விசாரித்துக்கொண்டு போகும் குழந்தைகளோடு போனால் அதற்கு இரண்டு பங்கு!

பாதையின் பெரும்பகுதி நிழல். என் மாமியார் ஒரு கல்லில் உட்கார்ந்து, அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். "இது அந்த மலைதானா?" என்று என்னைக் கேட்டார். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது போல அந்த மரங்களைப் பார்த்தும் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னவனுக்கு ஆறு வயது. அவன்தான் கேட்டான்: "அம்மா, இத்தனை மரத்துக்கும் யார் தண்ணீர் ஊற்றினார்கள்?"

நல்ல கேள்வி. மாடியில் நாலு தொட்டி துளசியும் கறிவேப்பிலையும் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மாமியிடம் கெஞ்சுகிறவர்களுக்கு இதன் கனம் தெரியும். மலைச்சரிவில் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படி ஆகாது. மழை தொடங்கும் சமயம் பார்த்து நடுகிறார்கள். கீழே நாற்றங்காலில் பைகளில் வளர்த்த கன்றுகளை ஆட்கள் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். பாறைக்கு நடுவே மண் கிடைக்கும் இடமாகப் பார்த்துக் குழி தோண்ட வேண்டும். வேர் ஊன்றுவதற்கு ஒரு மழைக்காலம்தான் தவணை. அடுத்த கோடையைத் தாங்கிவிட்டால் கன்று பிழைத்தது என்று அர்த்தம். நம் பெரியவர்கள் குழந்தைக்கு முதல் வயது நிறையும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்களே, அப்படி.

இந்த நெருப்பு மட்டும் அங்கே நிஜ நெருப்பு. மலையில் ஆளுயரத்துக்கு ஒரு புல் வளர்கிறது. கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. குழந்தைகள் மூக்கிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்த வாசனைப் புல்தான் பங்குனி, சித்திரையில் காய்ந்து எண்ணெய்த் திரி போல ஆகிவிடும். அணைக்காத பீடித் துண்டு ஒன்று, அல்லது ஏற்றிவிட்டுத் திரும்பிப் பாராமல் போன கர்ப்பூரம் ஒன்று போதும்; பத்து வருஷ மரங்கள் ஒரு பிற்பகலில் கரிந்துபோகும். அதனால் கோடை வருமுன்னே சரிவில் அகலமான கோடு போல் புல்லை அறுத்து வைக்கிறார்கள், தீ தாண்டாமலிருக்க. தாண்டிவிட்டால் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே அணைக்கிறார்கள். இருபது வருஷங்களுக்கு மேல் இந்தச் செலவையும் சிரமத்தையும் ஏற்று வருகிறவர்களில் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையினர் முக்கியமானவர்கள். மருதம் பண்ணைப் பள்ளியை நடத்துகிறவர்களும் அவர்களே. அவர்களுக்கு முன்பே, 1980-களின் இறுதியில், 'அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி' என்ற சங்கமும் நடவு தொடங்கியிருந்தது.

ஆனால் முதலில் மரம் வைத்த பெருமையை நான் வேறொருவருக்குக் கொடுப்பேன். ஸ்கந்தாசிரமம் என்ற பெயரைக் கேட்டதும் நான் முருகன் கோயில் என்றே நினைத்திருந்தேன். முருகனுக்கும் அதற்கும் நேர் சம்பந்தமில்லை! கந்தசாமி என்று ஓர் அன்பர், கள்ளிப்புதர் மண்டிய சரிவை வெட்டிச் சமன் செய்து, மண் கொட்டி, தென்னையும் மாவும் வைத்து வளர்த்தாராம். அவர் பெயர்தான் இடத்துக்கு வந்தது. 1916-இலிருந்து 1922 வரை ரமணர் அங்கே இருந்தார். அவருடைய தாயார் அழகம்மாளும் கடைசிக் காலத்தில் அங்கேதான் பிள்ளையோடு இருந்தார். அங்குள்ள ஊற்றைப் பார்த்ததும் என் பெண், "பாட்டி, அந்தப் பாட்டி இங்கேதான் சமைத்தாரா?" என்று கேட்டாள். அவளுக்கு மகானைவிட மகானின் தாயாரிடம் அதிக அக்கறை.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் ஊர் முழுவதும் தெரிகிறது. அருணாசலேசுவரர் கோயில் கோபுரங்கள் விரல் உயரத்தில் நிற்கின்றன. வீடுகள் மலையின் மடிவரை ஏறி வந்திருக்கின்றன. நாத்தனார் பிள்ளைக்குப் பதினொரு வயது, செய்தித்தாள் படிப்பவன். "மாமி, மண் சரிந்து விழுந்தது எந்தப் பக்கம்?" என்றான்.

சொல்லாமல் முடியவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி, பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து, பாறையும் மண்ணுமாக வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

"மரம் இருந்தால் விழுந்திருக்காதா?" என்று கேட்டான்.

வேர் மண்ணைப் பிடிக்கும், அது உண்மை. ஆனால் அவ்வளவு மழையை எந்த வேர் பிடித்திருக்கும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? "சரிவுக்கு அடியில் வீடு கட்டாமல் இருந்தால் நல்லது. வேறு இடத்துக்கு வழியில்லாதவர்கள்தான் அங்கே கட்டுகிறார்கள்" என்றேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. என் மாமியார் சின்னவனின் கையைப் பிடித்தவர், இறங்கும்வரை விடவில்லை.

மறுநாள் மலையடிவாரத்தில் உள்ள பூங்காவுக்குப் போனோம். பூங்கா என்றதும் ரோஜாப் பாத்தியும் சிமெண்ட் யானையும் நினைவுக்கு வருமே, அது இல்லை. இதுவும் நட்டு வளர்த்த காடுதான். நாவலும் புங்கமும் இலுப்பையும் வீரையும். அருணாசலேசுவரர் கோயிலின் தலவிருட்சம் மகிழம் என்பதையும் குழந்தைகளுக்குச் சொன்னேன்.

இந்த மாதிரிக் காட்டுக்குத் தனி இனப் பெயர் உண்டு: உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையோரத்துச் சமவெளிகளில் ஒரு காலத்தில் பரவியிருந்தது. இப்போது கோயில் காடுகளிலும் அங்கங்கே துண்டு துண்டாகவும்தான் மிச்சம். இலைகள் சிறியவை, தடித்தவை. கொளுத்தும் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். சென்னைவாசிகள் கிண்டித் தேசியப் பூங்காவில் இதே இனத்தைப் பார்க்கலாம்.

அங்கேதான் அது நடந்தது. சருகில் ஏதோ தத்தியது. பச்சை முதுகும், இறக்கையில் நீலமும், வாலடியில் சிவப்புமாக ஒரு பறவை. ஆறுமணிக்குருவி! வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். சருகைப் புரட்டிப் பூச்சி தேடுகிற பிராணி. மொட்டை மலையில் அதற்கு என்ன வேலை? மூன்று வாண்டுகளும் கால் மணி நேரம் மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தார்கள். என் வீட்டில் அப்படியோர் அமைதியை நான் பரீட்சைக் காலத்தில்கூடக் கண்டதில்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டொரு வார்த்தை. கார்த்திகைக் கூட்டம் ஓய்ந்தபின், தை மாதம்வரை மலை பச்சையாக இருக்கும். பௌர்ணமியன்று குழந்தைகளோடு போகாதீர்கள். மரத்தைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம். மலையுச்சிக்கு ஏற வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. குழந்தைகளோடு அந்த ஆசையே வேண்டாம், ஸ்கந்தாசிரமம் போதும். தண்ணீர் கொண்டு போங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். தின்பண்டத்தைக் கையில் ஏந்திப் போனால் குரங்குகள் வாங்கிக்கொண்டுவிடும். என் மாமியார் மடியில் மறைத்து எடுத்துப் போன முறுக்குப் பொட்டலத்தையே ஒன்று கண்டுபிடித்துவிட்டது.