அப்பாவோட பலூன் கேம் எங்கே போச்சு?

1/ போன மாசம் அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய தப்புன்னு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/ ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை சீக்கிரம் திரும்பிடுச்சு. வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சு கேட்கல. பக்கவாதத்துக்கு அப்புறம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப செய்யும்போதுதான் மூளை புதுப் பாதை போட்டுக்கும். பிசியோதெரபிஸ்ட் "தினமும் நூறு தடவை விரலை மடக்கி நீட்டுங்க"ன்னார். அப்பா பத்தோட நிறுத்திடுவார்.

3/ அப்புறம் அவரே போன்ல ஒரு பலூன் உடைக்கிற கேமைக் கண்டுபிடிச்சார். விளம்பரம் வராம இருக்க எண்பது ரூபாயும் கட்டினேன். தினமும் அரைமணி நேரம் வலது கை ஆள்காட்டி விரலாலதான் ஆடுவார். கேம் பக்கவாதத்தைக் குணப்படுத்தும்னு நான் சொல்லலைங்க. நூறு தடவை செய்யாத மனுஷனை ஆயிரம் தடவை செய்ய வச்சது, அவ்வளவுதான். ஆறு மாசத்துல சட்டை பட்டனை அவரே போட ஆரம்பிச்சார்.

4/ புது போன்ல அந்த கேமைத் தேடினா ஸ்டோர்லயே இல்லை. காசு கட்டின ரசீது மெயில்ல பத்திரமா இருக்கு. பழைய போன்ல இருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். புது போன் ஏத்துக்கல.

5/ காரணம் தேடிப் படிச்சேன். 2021 ஆகஸ்ட்ல இருந்து, 32-பிட்ல மட்டும் இருக்கிற ஆப்களை 64-பிட் போன்களுக்குக் கூகுள் பிளே காட்டுறதில்லை. ஆப்பிள் 2017-லயே ஐஓஎஸ் 11-ல இதைச் செஞ்சிடுச்சு. ஆண்ட்ராய்டு 14, ரொம்பப் பழைய ஆப்களை நிறுவவே விடாது. பாதுகாப்புக்காகத்தான், அது நியாயமும்கூட. ஆனா கேமை உருவாக்கினவர் அதைப் புதுப்பிக்காம விட்டா, கேம் சத்தமில்லாம செத்துடும்.

6/ சத்தத்தோட போனதும் உண்டு. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைலுக்குத் தடை. அதுக்குப் பதிலா வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில ஸ்டோர்ல இருந்து காணாமப் போய், 2023 மே மாசம் திரும்பி வந்தது. 'தி க்ரூ'ங்கிற கார் ரேஸ் கேமோட சர்வரை 2024 மார்ச்ல யுபிசாஃப்ட் நிறுத்தினதும், டிஸ்க் வாங்கி வச்சிருந்தவங்களாலகூட ஆட முடியல.

7/ அப்போ நாம காசு கொடுத்து வாங்கினது என்ன? பொருள் இல்லை, பயன்படுத்துற அனுமதி. 2025 ஜனவரியில இருந்து கலிபோர்னியாவுல, இதைத் தெளிவா சொல்லாம "வாங்குங்க"ன்னு பட்டன் வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

8/ அமெரிக்காவுல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டது. அங்கே 2010-க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் இப்போ கடையில கிடைக்கிறதில்லை. இந்த மாதிரி கேம்களை ஆராய்ச்சிக்காக இணையம் வழியா கொடுக்க நூலகங்கள் அனுமதி கேட்டாங்க. 2024 அக்டோபர்ல அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துடுச்சு.

9/ எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் 1910-ல தொடங்கின புதுக்கோட்டை அரசு மியூசியம். சின்ன வயசுல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அங்கே போயிருக்கேன். சிலையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சா போதும், பார்க்கலாம். கேமை அப்படி வச்சா பிரயோஜனமில்லை. ஃபைல் வேணும், அது ஓடுற கருவி வேணும், சிலதுக்கு சர்வரும் வேணும். இதுல ஒண்ணு போனாலும் மிச்சம் வெறும் பெயர்தான்.

10/ நான் செஞ்சது இதுதான். பழைய போனுக்கு பேட்டரி மாத்தினேன், சிம்மை எடுத்துட்டேன், நெட்டை அணைச்சுட்டேன். இப்போ அது அப்பாவோட கேம் மெஷின். நீங்களும் பழைய போனைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, வீட்டுல யாருக்காவது அதுல ஏதாவது வேணுமான்னு கேளுங்க. ஆனா பேட்டரி உப்பியிருந்தா வச்சுக்காதீங்க, உடனே மாத்துங்க. காணாமப் போன கேமைத் தேடி முகம் தெரியாத தளங்கள்ல இறக்காதீங்க, பேங்க் கணக்கு காலியாகலாம்.

11/ கூடவே அம்மாவோட பல்லாங்குழியையும் பரண்ல இருந்து இறக்கியாச்சு. பதினாலு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை. விரல் நுனியால கொட்டையை எடுத்துப் போடுறது கைக்கு இன்னும் நல்ல பயிற்சி. இதுக்கு சர்வர் வேண்டாம், அப்டேட் வேண்டாம்.

அப்பா நேத்து பழைய போனைக் கையில வச்சுக்கிட்டே சொன்னார்: "மியூசியத்துல வைக்க வேண்டியதை எல்லாம் நம்ம வீட்டுலயே வச்சிருக்கோம்டா. என்னையும் சேர்த்து."