முனகும் கதவும் மசகும்

எங்கள் கராஜ் கதவு முனகத் தொடங்கியது ஒரு நவம்பரில். மிஷிகன் குளிரில் எதுதான் முனகாது என்று விட்டுவிட்டோம். ஆனால் இரவுப்பணி முடிந்து எங்களில் ஒருவர் அதிகாலையில் திரும்பும்போதெல்லாம், மேலறையில் உறங்கும் குழந்தை அலறி எழுந்தாள்.

கைவசம் இருந்தது டபிள்யூடி-40. 1953இல் சான் டியேகோவில், ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்கென உருவான திரவம்; நாற்பதாவது முயற்சியில் கைகூடியதையே அந்த எண் சொல்கிறது. கதவெங்கும் பீய்ச்சினோம். இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் பழைய ஒப்பாரி. அழுக்கையும் துருவையும் இளக்குவதில் அது கெட்டிக்காரத் திரவம்தான். கனத்த கதவின் கீலில் நெடுநாள் தங்கும் மசகு அன்று.

அடுத்து, உருளைகள் ஓடும் பக்கச் சட்டங்களில் கிரீஸை அள்ளி அப்பினோம். தூசியும் சாலையுப்பும் அதில் ஒட்டிக் குளிரில் இறுகின. இறங்கும் கதவு பாதியில் திணறித் திரும்பி மேலேறியது. மோட்டாரின் விசையைக் கூட்டினால் இறங்கிவிடும் என்று திருகாணியில் கைவைத்தபோதுதான் கையேட்டைப் புரட்டினோம். விசை கூடினால், அடியில் எதுவும் சிக்கினாலும் கதவு எளிதில் திரும்பாது. 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்குச் சிக்குதல் தடுக்கும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். உயிரிழந்த குழந்தைகளே அதற்குக் காரணம். எங்கள் மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். கையை எடுத்துக்கொண்டோம்.

பிறகு முறையாகச் செய்தோம். கதவை மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்தோம். சட்டங்களைத் துணியால் துடைத்து, உலரவே விட்டோம். கீல்களுக்கும் உருளைகளின் தாங்கிகளுக்கும் மோட்டாரின் சங்கிலிக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ், மிக மெல்லியதாக. நைலான் சக்கரத்தின் மேல் எதுவுமில்லை. ரப்பர் விளிம்புக்குச் சிலிகான்; பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். மேலிருக்கும் சுருள்வில்லில் ஒரு மெல்லிய பூச்சு மட்டும். அதன் திருகாணிகளைத் தொடவில்லை. கதவின் எடை முழுவதையும் தாங்கி முறுக்கேறி நிற்பது அதுதான்.

கடைசியாக ஒன்றரை அங்குல உயரக் கட்டையொன்றை வாசலில் படுக்கவைத்துக் கதவை இறக்கினோம். தொட்டதும் திரும்பியது.

இப்போது ஆண்டுக்கு இருமுறை மசகிடுகிறோம். மசகு டப்பாக்களோடு அந்தக் கட்டையும் அதே அலமாரியில் இருக்கிறது.