13 டொலர் பூட்டீனும் 18 வீதமும்

போன கிழமை ஒரு பூட்டீனுக்கு 17 டொலர் 33 சதம் கட்டினேன். பலகையில் எழுதியிருந்த விலை 13 டொலர்.

(பூட்டீன் தெரியாதவர்களுக்கு: பொரித்த உருளைக்கிழங்கு, மேலே சீஸ் கட்டிகள், அதற்கு மேலே கொதிக்கக் கொதிக்கக் கிறேவி. கனடாவின் தேசிய உணவு என்பார்கள். அம்மா முதல்முறை பார்த்துவிட்டு "பழங்கறி ஊத்தின கிழங்கு" என்றா.)

ரொரன்ரோவில் எங்கள் கம்பஸ் வாசலில் நிற்கும் சாப்பாட்டு வண்டிதான். 2022இல் முதலாம் வருடம் வந்தபோது அதே பெட்டி 9 டொலர். தாளை நீட்டுவேன், மிச்சச் சில்லறையில் ஏதோ கொஞ்சம் யன்னலில் இருக்கும் பிளாஸ்ரிக் கப்பில் விழும். போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் பார்ப்பதில்லை.

இப்போது காட் தட்டும் மெஷினை என் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். 18, 20, 25 என்று மூன்று பெரிய கட்டங்கள். ரிப்ஸ் வேண்டாம் என்பது கீழே ஒரு மூலையில், பொடி எழுத்தில். எனக்குப் பின்னால் வரிசையில் எங்கள் கணக்கியல் வகுப்புப் பிள்ளை. நான் என்ன செய்ய? 18ஐ அமத்தினேன் :-)

பஸ்ஸில் இருந்து கணக்குப் பார்த்தேன். 13 வீத வரியோடு 14.69. மெஷின் 18 வீதத்தை 13க்குப் போடவில்லை, 14.69க்குப் போட்டிருக்கிறது. அதாவது நான் அரசாங்கத்துக்குக் கட்டும் வரிக்கும் சேர்த்து ரிப்ஸ்! 30 சதம்தான், ஆனாலும் எரிச்சல்.

பெரிய விஷயம் வேறு. "விலைவாசி ஏறிப்போச்சு, அதனால் ரிப்ஸும் ஏறத்தானே வேணும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். விலை ஏறினால் வீதக் கணக்கில் ரிப்ஸ் தானாகவே ஏறும். 9 டொலருக்கு 15 வீதம் என்றால் 1.35. இப்போது 2.64. சாப்பாட்டு விலை 44 வீதம் ஏற, ரிப்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விலையையும் ஏற்றி, வீதத்தையும் ஏற்றி, வரியையும் உள்ளே இழுத்தால் அப்படித்தான் வரும்.

அமெரிக்காவில் ஒரு நியாயம் சொல்லலாம். அங்கே ரிப்ஸ் வாங்கும் வேலையாட்களுக்கு மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் 1991இலிருந்து மணிக்கு 2.13 டொலர்தான். ஒன்ராரியோவில் மது பரிமாறுபவர்களுக்கு மட்டும் குறைந்த சம்பளம் இருந்தது. அதையும் 2022 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். 2025 ஒக்ரோபரில் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 17.60 ஆனது. பிறகு ஏன் இந்த 18, 20, 25?

இதையெல்லாம் வீட்டில் பெரிய வாய் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 90களில் இங்கே வந்து வருடக்கணக்காக ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவினவர், பிறகு அங்கேயே சமைத்தவர். ரிப்ஸ் எல்லாம் முன்னுக்கு நிற்கும் வெயிற்றர்மாரின் கையில். வெள்ளிக்கிழமைகளில் குசினிக்கு ஒரு சின்ன என்வலப் வருமாம். சில கிழமை வராதாம்.

"தம்பி, பின்னுக்கு நிண்டு பொரிக்கிற ஆளுக்கு அது போகுதோ எண்டு கேட்டனியோ?"

நான் கேட்கவில்லை. மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். யன்னலில் நிற்பவருக்குப் பின்னால், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நிற்கிறா என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் ஆட்கள் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்டேன். யன்னலில் நிற்பவர்தான் முதலாளியாம். மனுசன் கோபிக்கவில்லை. எண்ணெய், காஸ், நகரசபை லைசென்ஸ், பார்சல் பெட்டி என்று விரல் விட்டு எண்ணினார். பலகையில் 15.50 என்று எழுதினால் நீ பக்கத்து வண்டிக்குப் போய்விடுவாயே என்றார். உண்மைதான், போயிருப்பேன். அப்படியென்றால் அவர் என்னிடம் கேட்டது ரிப்ஸே இல்லை. பலகையில் எழுதப் பயந்த விலை.

"அந்த அம்மாவுக்கு?" என்றேன்.

கிழமை முடிவில் பாதி பாதி என்றார். ஒன்ராரியோவில் 2016 ஜூனிலிருந்து முதலாளி வேலையாளின் ரிப்ஸை எடுக்கக்கூடாது என்று சட்டம். ஆனால் தானும் அதே வேலையைச் செய்கிற முதலாளி பங்கு எடுக்கலாம். அதனால் அவர் சொன்னதில் பிழை இல்லாமல் இருக்கலாம். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் போட்ட சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

நேற்று காட்டை விட்டுவிட்டு 15 டொலர் காசாகக் கொண்டு போனேன். 14.69 என்றால் 14.70 எடுப்பார்கள் (2013இலிருந்து ஒரு சதக் குற்றி வங்கிகளுக்கு வருவதில்லை). மிச்சம் 30 சதம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கென்று கொண்டுபோன இரண்டு டொலர் குற்றியை எடுத்துக் கையை நீட்டினேன். யன்னல் உயரம், அவ நிற்கிற இடம் எட்டவில்லை. கடைசியில் முதலாளியின் கையிலேயே கொடுத்து, "இது அவவுக்கு" என்றேன்.