தறிக்காரர் வயலுக்குத் திரும்பிய மண்புழு

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் அவருக்கு, ஊருக்கு வெளியே அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் உண்டு. பட்டு நூலின் பசை போக, சோப்பும் சோடா உப்பும் போட்டு வேகவைத்த தண்ணீர் பல வருஷமாக வாய்க்கால் வழியே அந்த நிலத்தில் பாய்ந்தது. அதை வாய்க்காலில் விட்டவர்களில் அவரும் ஒருவர். நெல் திட்டுத் திட்டாகக் கருகியது. 'வித்துடலாம்' என்றார்கள் வீட்டில்.

சோடா உப்பு மண்ணைக் களராக்கும். நல்ல மண்ணில், ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். சருகை மக்கவைப்பது, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பது, மணிச்சத்தைக் கரைப்பது, நோய்ப் பூஞ்சணத்தை அடக்குவது எல்லாம் அவைதான். ஒன்று சோர்ந்தால், இன்னொன்று அந்த வேலையைப் பார்க்கும். களரில் அந்தக் கூட்டமே குறைந்துவிடும்.

நூல் வேகவைப்பதை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சாயப்பட்டறைக்கு மாற்றினார். வயல் மடையை அடைத்தார். மண் பரிசோதனையில் சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் தேக்கி வடித்தார். தக்கைப்பூண்டு விதைத்து, 45-ம் நாள் மடக்கி உழுதார். தொழுவுரத்தில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா கலந்து தூவினார். ரசாயன உரத்தோடு சேர்க்கவில்லை.

மூன்றாம் வருஷம், ஏர் புரட்டிய மண்ணில் மண்புழு நெளிந்தது. விற்கும் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.