இரண்டு கேன் தண்ணீர்

பத்து வருஷங்களுக்குப் பிறகு வீட்டில் மறுபடியும் ஒரு கடல்நீர்த் தொட்டி வைப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெறும் யோசனை என்றும் சொல்லமுடியாது. வேளச்சேரியில் எங்கள் முதல்மாடி வீட்டின் கூடத்தில், தெற்குச் சுவரை அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. நீளம் 4 அடி, அகலம் 2, உயரம் 2. விளிம்புவரை நிரப்பினால் 450 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டிவிடும். உத்தரத்தின் மேல், சுவரை ஒட்டி வைத்தால் தளம் தாங்கும் என்று கட்டட வேலை தெரிந்த நண்பர் சொன்னார். மற்றதெல்லாம் தாங்குமா என்பது அவர் துறை அல்ல.

திட்டம் என்று எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது தண்ணீர். சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகிவிடாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்த உப்புதான் என்றாலும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் தத்தம் விகிதத்தில் இருந்தாகவேண்டும். இந்த விகிதத்தில் கலந்த உப்பு பொட்டலமாகக் கிடைக்கிறது. எனக்குப் பதினைந்து கிலோ தேவைப்படும். அதைக் கரைக்கும் தண்ணீரில் வேறொன்றும் இருக்கக் கூடாது. போர்வெல் தண்ணீர் உதவாது. குழாய்த் தண்ணீரையும் ஆர்.ஓ. மெஷினில் விட்டுத்தான் எடுக்கவேண்டும். ஒரு லிட்டர் எடுப்பதற்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

குழாய்த் தண்ணீர் என்று சொன்னேன். தென்சென்னைக்கு வரும் குடிநீரில் ஒரு பங்கு நெம்மேலியிலிருந்து வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே 2013-ல் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. அந்தத் தண்ணீர் போகிற இடங்களில் வேளச்சேரியும் ஒன்று. ஆக, வங்காள விரிகுடாவைச் சவ்வில் அழுத்தி, உப்பை நீக்கி, குழாயில் கொண்டுவந்து என் வீட்டில் விடுகிறார்கள். நான் அதை இன்னொரு சவ்வில் அழுத்தி, உப்பைத் திரும்பப் போட்டு, வங்காள விரிகுடாவாக ஆக்கப்போகிறேன். அசல் விரிகுடா கிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறது. இதில் உள்ள வேடிக்கையை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "குடிக்கற தண்ணிங்க அது" என்றாள்.

கடலைக் கண்ணாடிக்குள் வைக்கிற ஆசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஃபிலிப் கோஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1854-ல் 'அக்வேரியம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் அது ஒரு பித்தைக் கிளப்பிவிட்டது. கடற்கரைக்குத் தூரத்தில் இருப்பவர்களுக்காக, நாலு உப்புகளைக் கலந்து கடல்நீர் தயாரிக்கிற முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். என் பொட்டலத்தின் மூதாதை அதுதான். இவருடைய மகன்தான் எட்மண்ட் கோஸ். தோரு தத்தின் கவிதைகளுக்கு முன்னுரை எழுதியவர், சரோஜினி நாயுடுவுக்கு எழுத்தில் வழி சொன்னவர் என்ற வகையில் நம்மில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1907-ல் வந்த 'தந்தையும் மகனும்' நூலில், தான் சிறுவயதில் பார்த்த டெவன் கரையின் பாறைக்குட்டைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அப்பாவின் புத்தகங்களைப் படித்தவர்கள் சாரிசாரியாக வந்து எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தன்னால் வந்த நாசம் இது என்று அப்பாவுக்கே பிற்பாடு தெரிந்துவிட்டது, அது அவரை வருத்தியது என்கிறார் மகன். நேசித்ததை விவரித்துச் சொன்னதைத் தவிர அந்த மனிதர் வேறு ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வீட்டு ஷோகேஸில் பவளப்பாறைத் துண்டு ஒன்று இருக்கிறது. 1974-ல் அப்பா ராமேஸ்வரம் போய்வந்தபோது வாங்கிவந்தது. நகைக்கடைப் பவளம் சிவப்பு, இது வெள்ளை. பாறைப்பவளத்தின் நிறமே வெள்ளை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அது எலும்பின் நிறம் என்பது பின்னால்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கும் பவளம் ஒரு பிராணி. கடுகளவும் மிளகளவுமான பிராணிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. நிறம் பெரும்பாலும் அதனுடையது, வெயிலை உணவாக்குவதும் அதுதான். தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகி, அந்தச் சூடு சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு அது அப்பா வாங்கிவந்த நிறத்துக்கு வந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பரவலாக வெளுத்தது.

அதற்கும் முன்னால் வேறு காரியங்கள் நடந்தன. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டினார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது 21 தீவுகள் கணக்கு. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது நீருக்குள். 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும், கறுப்புப் பவளத்தையும் கடல்விசிறியையும் சேர்த்து, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு அது. அப்பா ஐந்து ரூபாய்க்கோ என்னவோ வாங்கிய பொருள், சட்டத்தின் கண்ணில் இன்று புலித்தோலுக்குச் சமம்.

எனவே என் புதிய தொட்டியில் மன்னார்ப் பவளம் இருக்கமுடியாது. எதைப் பார்த்து இந்த ஆசை வந்ததோ அது இல்லாமல்தான் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளவேண்டும். ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "வேணும்னா சொல்லுங்க சார், ஏற்பாடு பண்ணலாம்" என்றார். வேண்டாம் என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி ஆயிற்று. 2010-ல் முதல் தொட்டி வைத்தபோது அந்த ஒரு விநாடிகூட எனக்கு ஆகவில்லை. கல் வாங்கினேன். ஓட்டை ஓட்டையாக, இலேசாக, அழகாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. இந்தத் தடவை சுட்ட களிமண் கல். மீன் இரண்டே இரண்டு, ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீன் ஜோடி. மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அவற்றைத் தொட்டியிலேயே பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்காமல் அப்படி வளர்த்தவைதான் வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன். மீன் வருவதற்கு முன் நாலிலிருந்து ஆறு வாரம் காலித் தொட்டி ஓடவேண்டும். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்க, இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். இவை கல்லிலும் மணலிலும் குடியேறுவதற்கு அத்தனை நாள் பிடிக்கும். கவிதை எழுதும் நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, "சிறுபத்திரிகை மாதிரி இருக்கிறதே. யாரும் கேட்கவில்லை, பணம் போகிறது, மாசக்கணக்கில் ஒன்றும் தெரிவதில்லை, கொஞ்சம் அசந்தால் செத்துப்போகிறது" என்றார்.

மே மாதத்தில் எங்கள் கூடத்தில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போய்விடும். 26-ல் நிறுத்த ஒரு குளிர்விக்கும் மெஷின் தேவை. அது தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டைக் கூடத்தில் கக்கும். கண்ணாடிக்கு உள்ளே குளிர்ந்தால் வெளியே அந்த அளவுக்கு வேகும். பட்டியலில் எந்த வரியை எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான் இருக்கிறது. உள்ளே வைக்கிற ஒவ்வொன்றும் வெளியே எங்கேயோ குறைகிறது. கோஸின் பாறைக்குட்டை, தூத்துக்குடியின் தீவு, நெம்மேலித் தண்ணீர், எங்கள் கூடத்துக் காற்று. இதைப் பொதுவாகச் சொல்லி ஒரு கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு இது பொதுவாகத் தெரியவந்தது அல்ல.

ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் கரண்ட் என்பேன், செலவு என்பேன். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. வேளச்சேரி தாழ்ந்த இடம். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிற வழி இந்தப் பக்கம்தான். தரைத்தளத்தில் இடுப்பளவு ஆனபோது கீழ்வீட்டு அக்காவும் அவர் கணவரும் மாமியாரும் பத்து வயதுப் பெண்ணும் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். மின்சாரம் அதற்கு முன்பே போய்விட்டது. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. மாடித் தொட்டியில் இருந்தது அடுத்த நாளே தீர்ந்துபோயிற்று.

கூடத்தில் என் தொட்டி இருந்தது. மூன்றடித் தொட்டி, 190 லிட்டர். பம்ப் நின்றுவிட்டால் தண்ணீர் அசையாது, அசையாத தண்ணீரில் பிராணவாயு குறைந்துகொண்டே வரும். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் விடிகாலை வரை தாக்குப்பிடித்தது. அப்புறம் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதுதான் வழி. கீழ்வீட்டுப் பெண் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஊத்தட்டுமா மாமா?" என்று குவளையை வாங்கிக்கொண்டாள். அன்று பகலெல்லாம் ஊற்றினாள், இரவும் ஊற்றினாள்.

குடிப்பதற்கு ஒரு குடத்தில் கால்வாசி இருந்தது. ஏழு பேர். என் மனைவி அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுத்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்கா தொட்டியைக் காட்டி, "தம்பி, இது குடிக்கற தண்ணியா?" என்று கேட்டார். "இல்லக்கா, உப்பு" என்றேன். "இவ்ளோ தண்ணி" என்றார்.

தொட்டியைப் பற்றிக் கேட்டதற்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு கேன் ஆர்.ஓ. தண்ணீர் இருந்தது. ஒவ்வொன்றும் 20 லிட்டர். தொட்டியில் நாள்தோறும் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதைச் சரிக்கட்டுவதற்காக எப்போதும் இரண்டு கேன் பிடித்துவைப்பேன். அம்மோனியா ஏறினால் பாதித் தண்ணீரை மாற்றியாகவேண்டும், உப்பு இருக்கிறது, இந்த நாற்பது லிட்டர்தான் மீன்களுக்குக் கடைசி வழி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு சரி. அந்த இரவு முழுக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் காய்ந்த உதட்டோடு என் மீன்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில் மனைவி இரண்டு கேனையும் கூடத்துக்கு இழுத்துவந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தமாதிரி, "இது இருந்துச்சு" என்றாள். எல்லாரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். மூன்றாம் தேதி மாலைக்குள் மீன்கள் செத்துவிட்டன. நாற்பது லிட்டரும் இருந்திருந்தாலும் செத்திருக்கும். பால்கனியிலிருந்து தெருத் தண்ணீரில் போட்டேன். தொட்டியைப் பிற்பாடு பழைய சாமான்காரர் எடுத்துப்போனார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் மறுபடி தண்ணீர் தேங்கியது. மறுபடி கரண்ட் இல்லை. வீட்டில் இருந்த குடிதண்ணீரை எல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தேன். நல்லபடியாக நடந்துகொண்டதாக ஒருநாள் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள்தான் தோன்றியது, இந்தத் தடவை என்னிடம் தொட்டி இல்லை. ஒளித்துவைக்கக் காரணம் இல்லாதவன் ஒளித்துவைக்கவில்லை, அவ்வளவுதான். பத்து வருஷம் ஒதுங்கியிருந்ததில் நான் மாறினேனா என்பது தொட்டி இல்லாதவரை தெரியப்போவதில்லை. இதைத் தெரிந்துகொள்வதற்காக ஒருவன் தொட்டி வைக்கலாமா என்பதும் ஒரு கேள்விதான். மீன் பிடிக்கும், அந்த வெளிச்சம் பிடிக்கும், இரவில் தண்ணீர் சுற்றும் சத்தம் பிடிக்கும் என்பதையும் மறைத்துப் பயனில்லை.

போன வாரம் அக்கா முருங்கைக்கீரை கொடுக்க மாடிக்கு வந்தார். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்து, "மறுபடியும் மீன் தொட்டியா தம்பி?" என்றார்.

"யோசிச்சிட்டிருக்கேன்க்கா."

"வைங்க. எங்க பாப்பா இன்னிக்கும் அதைப் பத்திப் பேசுவா. விடிய விடிய மொண்டு ஊத்தினாளே. காப்பாத்த முடியலயேன்னு எவ்ளோ அழுதா தெரியுமா?"

பாப்பா இப்போது காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறாள். அக்காவுக்கு அந்தக் கேன்கள் எங்கே இருந்தன என்று தெரியுமோ தெரியாதோ. அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கீரையை வாங்கி உள்ளே வைத்தேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போகாது. அது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.

பட்டியலில் உப்புக்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குடிதண்ணீர், எங்கள் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும், ஆறு கேன், கூடத்தில், கண்ணில் படும் இடத்தில். மனைவி படித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் காகிதத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். தொட்டிக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை.