தும்பிக்கை வைத்த 'துணை'

கல்யாணப் பத்திரிகை வந்தால் எல்லோரும் மண்டபம் எங்கே, டிபன் எத்தனை மணிக்கு என்றுதான் பார்ப்பார்கள். நான் உச்சியில் இருக்கிற முதல் வரியைப் பார்க்கிற ரகம். எங்க விருத்தாசலத்தில் அது பெரும்பாலும் 'ஆழத்துப் பிள்ளையார் துணை' அல்லது 'கொளஞ்சியப்பர் துணை'.

அப்பா, தாத்தா காலத்துப் பத்திரிகை கிடைத்தால் அந்த 'ணை'யைக் கவனியுங்கள். முன்னால் சங்கிலிக் கொம்பு இருக்காது. எழுத்தோடு ஒட்டியே, யானை தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி ஒரு வளைவு. பிள்ளையார் துணைக்குப் பிள்ளையாரே நேரில் வந்த மாதிரி!

இந்தத் தும்பிக்கை யோகம் நாலே நாலு எழுத்துக்குத்தான்: ணை, லை, ளை, னை. இதே மாதிரி தனி உருவத்தோடு திரிந்தவை ணா, றா, னாவும் அவற்றின் ஒகர, ஓகார உறவினர்களும்... அது ஒரு ஒன்பது. ஆக மொத்தம் 13. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சடித்துக் காட்டினார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட, தும்பிக்கை ரிட்டயர் ஆனது.

நியாயமான காரியம்தான். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு விசேஷ உருவத்துக்கும் தனி அச்சு வேண்டும், கேஸில் தனி அறை வேண்டும். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கோ மனப்பாடம் பண்ண 13 விதிவிலக்கு!

ஆனால், ஆபீஸில் ஒரு தம்பி தாத்தா காலத்து நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இது என்ன எழுத்து? ஜிலேபி மாதிரி இருக்கு!"

"லை-டா. எல்லைன்னு எழுதியிருக்கு."

"எந்த எல்லை?"

"உங்க நிலத்தோட நாலு எல்லை!"

லோனுக்கு அலைகிறவனுக்குச் சொந்த நிலத்தின் எல்லையைப் படிக்க அடுத்த சீட்டு அண்ணன் வேண்டியிருக்கிறது.

இதற்காகப் பழைய எழுத்தைத் திரும்பக் கொண்டுவா என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. பில், அப்ளிகேஷன், பஸ் போர்டு எல்லாவற்றுக்கும் இப்போதைய எழுத்துதான் சௌகரியம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு யாராவது பைக் ரிப்பேர் பார்ப்பார்களா? அதே பட்டு வேட்டியை முகூர்த்தத்துக்குக் கட்டுகிறோமே! பத்திரிகையின் முதல் வரி, கடை போர்டு... இங்கெல்லாம் தும்பிக்கை அழகு. எங்க ஊரின் தமிழ்ப் பெயரே பழமலை. பிழைப்பு பீங்கான் ஆலை. இரண்டிலும் 'லை'!

கம்ப்யூட்டரிலும் தடையில்லை. யூனிகோடில் ஐகாரத்துக்கு ஒரே குறிதான். அதைச் சங்கிலியாக வரைவதா, தும்பிக்கையாக வரைவதா என்பது ஃபாண்ட் செய்கிறவர் கையில் இருக்கிறது.

எழுதாவிட்டால் போகிறது, படிக்கவாவது தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பீரோவில் கிடக்கிற பத்திரத்தை எடுத்து, ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நிலத்துக்கு எல்லை முக்கியம் சார்... எல்லைக்கு 'லை' முக்கியம்!